நெயில் பாலிஷ் வைத்த திருகு

என் மனைவி உஷா சீரியல் பார்க்க உட்கார்ந்தால் டிவி சத்தம் தெருமுனை வரை போகும். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இது குற்றமில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் டிவியைக் காதால் கேட்டே கதையை விடாமல் தொடர்ந்தார்கள். நான்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. அப்படித்தான் ஹெட்போனுக்கு வந்தேன், அதற்கு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி கட்டக் கற்றேன், அந்த வழியாக ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் சார் வீட்டு ஹாலில் போய் நின்றேன். ஆகவே நடந்ததற்கு முதல் பொறுப்பு சீரியல் எடுக்கிறவர்களுடையது.

ஓஸ்வால்ட் மாதா கோயில் பாட்டுக்குழுவை நடத்தியவர். கூட்டத்தில் ஒரு குரல் மயிரிழை இறங்கினாலும் பெயர் சொல்லி நிறுத்துவார் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களைப் போன்ற ஆம்ப் பைத்தியங்கள் அவர் வீட்டில் கூடுவோம். அவரவர் கட்டியதை மேஜையில் வைப்போம். அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடுவார். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் போல நாங்கள் சுற்றி நிற்போம். "கேக்கறதுக்கு எல்லார்க்கும் காது இருக்கு மேன். உணர்றதுக்குன்னு தனியா ஒரு காது வேணும்" என்பது அவர் வேதவாக்கு.

நான் முதன்முதலாகக் கட்டிய ஆம்பைக் கொண்டுபோன அன்று உஷாவும் வந்திருந்தாள். அவர் ஒரு பாட்டுகூட முழுதாகக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, அழுக்குத் துணியைப் போல இரண்டு விரலால் கீழே வைத்தார்.

"சத்தம் வருது கோவிந்தராஜன். சங்கீதம் எப்ப வரும்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க சாப்ட்டுட்டு வந்துடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். உஷா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அன்றிலிருந்து என் பெயர் 'சத்தம்'. வாட்ஸ்அப் குழுவில் சத்தம். குழு நண்பன் மஞ்சுநாத் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டால் சத்தம். ஒரு நாள் உஷாவே, "சத்தம், வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அவரிடமிருந்து எதை எடுப்பது என்று யோசித்தேன். ஆளுக்கு ஒரு சொத்து இருக்கும். அவருடையது எது என்று அவரே வாராவாரம் அறிவித்துக்கொண்டிருந்தார்.

கிளாஸ் ஏ என்கிற ஆம்ப் வகையை அவருக்கு விளக்கியபடியே உங்களுக்கும் விளக்குகிறேன். ஓப்-ஆம்ப் என்கிற சின்ன ஐசியின் கடைவாசலில் இரண்டு பேர் ஷிப்ட் போட்டு வேலை செய்கிறார்கள். ஒருவர் தள்ளுவார், மற்றவர் இழுப்பார். நம் ஊர் ஐடி கம்பெனி மாதிரியே, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு சின்னக் குளறுபடி. ஐசியின் வெளியீட்டிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் ஒருவருக்கு ஓயாத வேலை, மற்றவருக்கு ஓயாத லீவு. ஷிப்ட் மாற்றமே கிடையாது. ஐசி சூடாகும், குளறுபடி போகும். அவ்வளவுதான் கிளாஸ் ஏ. பேச்சுக்குப் பத்து நிமிடம், வேலைக்கு ஒரு ரெசிஸ்டர்.

அப்படி ஒன்றைக் கட்டி அவருக்கே பரிசாகக் கொடுத்தேன். சூட்டைத் தொட்டுப் பார்த்தார், மகிழ்ந்தார். வழக்கப்படி மகள் அனுஷாவின் நெயில் பாலிஷை வாங்கி, வால்யூம் திருகில் ஒரு புள்ளி வைத்தார். எந்த ஆம்ப் வந்தாலும் முதல் நாளே அளவைத் தீர்மானித்துப் புள்ளி வைத்துவிடுவார். பிறகு அதைத் தொடமாட்டார், யாரையும் தொடவும் விடமாட்டார். திருகைத் திருகுகிறவன் கேட்கத் தெரியாதவன் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைதான் எனக்குத் திறந்த கதவு.

இந்த ஆம்ப் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, தனக்கு மட்டும் பொருந்தாது என்று ஒவ்வொருவரும் நம்புகிற உண்மை ஒன்று உண்டு. அதே ஆம்ப் இத்தனூண்டு உரக்க ஒலித்தால், காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தெளிவு என்று எடுத்துக்கொள்ளும்.

பயாஸ் என்கிற மின்னோட்ட அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவ்வப்போது போய் மூடியைத் திறப்பேன். கிளாஸ் ஏ ரெசிஸ்டரைத் தொடமாட்டேன். ஒலியைப் பெருக்கும் ரெசிஸ்டரை மட்டும் மாற்றி, ஒரு பிடி கூட்டிவிடுவேன். புள்ளி அதே இடத்தில் இருக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதான் மேன் திறந்துக்குது" என்பார்.

வேலையில் நான் நேர்மையானவன். அதே மாதிரி இன்னொரு ஆம்ப் கட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் என் காதிலேயே மணிக்கணக்காகப் பார்த்தேன். சத்தம் கூடியது எனக்கே தெரியாவிட்டால்தான் அவருக்கும் தெரியாது.

மாதங்கள் போயின. காலையில் பாட்டுக்குழுவின் பதிவுகள், மாலையில் ஆர்கன் இசைத்தட்டுகள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அந்த அளவு உரக்கப் பாடும்போது ஒற்றை ஆளால் பாரம் தாங்காது. லீவில் இருந்தவரும் வேலைக்கு வந்துவிடுவார். ஆம்ப் கிளாஸ் ஏ-வை விட்டு எப்போதோ வெளியேறியிருந்தது. தனியாக ஒரு காது வைத்திருந்தவருக்கு அது கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகு என்னை நிறுத்தினார். குரல் வழக்கமான குரலாக இல்லை.

"ராஜன், யாருகிட்டயும் சொல்லாத. அமைதியா இருந்தா காதுல விசில் மாதிரி ஒண்ணு. ஸ்வல்பம்தான். டாக்டர்கிட்ட காட்டணுமா?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாகியிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காட்டியிருந்தால் மிச்சம் தங்கியிருக்கும்.

"வேணாம் சார். காது கிளாஸ் ஏ-வுக்குப் பழகுது. விடாம கேளுங்க, போயிடும்" என்றேன்.

நம்பினார். அவர் பாஷையிலேயே சொன்னேன் அல்லவா. ஒலி கொஞ்சம் அடைத்தாற்போல இருக்கிறது என்றும் சொன்னார். மூடியைத் திறந்து இன்னும் ஒரு பிடி கூட்டினேன்.

கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார். விஜி சுருதி இறங்கிவிட்டாள் என்றார். மறுபடி பாட வைத்தார், மறுபடி நிறுத்தினார். விஜி அழ ஆரம்பித்தாள். ஆர்கன் வாசிக்கிறவர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, "சார், பொண்ணு சரியாத்தான் பாடறா" என்றார். ஓஸ்வால்ட் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்ன சொன்னே?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது குறையாகவே பட்டது.

நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். குழு இப்போது வேறொருவர் கையில். அவருடைய ஆம்பைப் பழைய அளவுக்கே மாற்றி வைத்துவிட்டேன், நான் கொடூரன் இல்லை. அப்பாவை விடாமல் வந்து பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான் அங்கிள் என்று அனுஷா போன வாரம் நன்றி சொன்னாள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வேலை செய்தவன் பெயர் தெரியாமல் போகக்கூடாது. ஓஸ்வால்டின் செவியை எடுத்தது நான். ஒரு ரெசிஸ்டர், பிறகு இன்னொரு ரெசிஸ்டர் என்று நிதானமாக எடுத்தேன். ஊதிப்போன ஒரு பலூனில் ஊசி வைத்ததைத் தவிர இதில் வேறொன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது என் வீட்டில். யாரும் என்னைச் சத்தம் என்பதில்லை. சோதனைக்குக் கட்டிய அந்த இன்னொரு ஆம்பில்தான் கேட்கிறோம். அதை நான் மாற்றவில்லை, அந்த அளவில்தான் அது திறந்து பாடுகிறது. போன வாரம் மஞ்சுநாத் ஹெட்போனை மாட்டின வேகத்தில் கழற்றி, காதைத் தேய்த்துக்கொண்டான். உணர்வதற்குத் தனியாக ஒரு காது வேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

உஷாவிடம்தான் ஒரு மாற்றம். நான் நியூஸ் போட்டால், "எதுக்குங்க இவ்ளோ சத்தம்? எதிர்வீட்ல கதவைச் சாத்திக்கறாங்க" என்கிறாள். அவளுக்கு எப்போதுமே காது போதாது. அவள் டிவியை அணைத்துவிட்டுப் போனதும் வீடு அமைதியாகிறது, மெல்லிசாக ஒரு விசில் கேட்கிறது. ஸ்வல்பம்தான். காது கிளாஸ் ஏ-வுக்குப் பழகுகிறது. விடாமல் கேட்டால் போய்விடும்.