படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

எழுத்தறிவித்தே தலை நரைத்து, இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை நிர்மலாதேவி அம்மையார் அவர்களே! படக் கண்காட்சியை ஏற்பாடு செய்த வாசகர் வட்டத்தாரே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த பெரியோர்களே! புளிக்கொட்டகை வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கைபேசியை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கும் இளைஞர்களே! எதற்குப் பிடித்திருக்கிறீர்கள்? எங்கே போகப்போகிறது என் முகம்? சரி, சொல்ல மாட்டீர்கள். உங்கள் அனைவருக்கும் ஏரியூர் கருப்பண்ணனின் எச்சரிக்கை கலந்த வணக்கம்!

எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவன். ஆனால் காது உண்டு. இந்தச் சந்தைத் திடலில் போட்ட மேடைகளுக்குக் கீழே நின்று கேட்டே கற்ற தமிழ் இது. ஒருமுறை காதில் விழுந்தது சுடுகாடு வரை கூட வரும்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்கவா? அதுவும்தான். ஆனால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. துணிக்கடை ஜமீர் பாயின் அக்கா மகள் அனம், என் அக்கா ராணியம்மாள் புளி தட்டும்போது ஒரு படம் எடுத்திருக்கிறாள். அந்தப் படம் இன்று மாலைக்குள் கடல் கடந்து போகலாமா, கூடாதா? போனால் அந்தப் பெண்ணின் பயிற்சி முழுமை. போகாவிட்டால் எல்லாம் பாதியில் நிற்கும். நிறுத்தி வைத்திருப்பவன் யார்? நான்தான்! ஏன் நிறுத்தினேன்?

அனம் சவுதியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய மொழி அவளுக்கு அரபி. ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் வந்து சொன்னாள்: அரபி பேசுகிறவர்களுக்குச் செய்திக்குப் புகைப்படம் எடுக்கச் சொல்லித் தருகிறார்களாம், கைபேசி வழியாகவே, கட்டணமே இல்லாமல்.

"சும்மாவா?" என்றேன்.

"சும்மாதான் தாத்தா."

சும்மா! விதையைச் சும்மா கொடுத்தான் ஒருவன். மருந்தை அவனிடமே வாங்க வைத்தான். கண்ணைச் சும்மா பார்த்தான் ஒருவன். கண்ணாடியைத் தலையில் கட்டினான். சும்மா என்பது சொல்லா, சுருக்குக் கயிறா?

"உங்கிட்ட இருந்து என்னா எடுத்துக்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எடுத்துக்க மாட்டாங்க தாத்தா. நாந்தான் படம் எடுத்து அனுப்போணும்."

"அப்ப எடுத்துக்கறாங்கல்ல!"

சிரிக்கிறீர்கள். ஜமீர் பாயும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மருமகள் அறைக்குள்ளிருந்து நாளெல்லாம் "சூரா, சூரா" என்று சத்தம். வேதத்தின் அத்தியாயத்துக்குச் சூரா என்று பெயர். "எங்க அனம் சூரா மனப்பாடம் பண்றா" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார் மனிதர்! பிறகுதான் தெரிந்தது, அரபியில் படத்துக்கும் சூரா என்றுதான் பெயர். அரபிக்காரர் காதுக்கு இரண்டும் வேறு வேறாம். நம் காதுக்கு ஒன்று. பாய், நான் சொன்னது சரிதானே? தலையாட்டுகிறார். கொடுத்த பழத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பெருந்தன்மை!

ஆனால் அன்பர்களே, என் சந்தேகம் சிரிப்பில் தீருகிற சந்தேகம் இல்லை. எனக்கு மீசை அரும்பிய வயதில் ஒரு கொடும் பஞ்சம். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்தாள் என் அக்கா. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டி கேமராவோடு வந்தார். "சும்மா ஒரு படம்மா" என்றார். எடுத்தார். போனார். பத்திரிகை வந்தது. டீக்கடையில் படித்தவர் உரக்கப் படித்தார்: "பசியின் கோரம்! உண்ண உணவின்றிக் காட்டுக்கிழங்கு தோண்டும் பெண்!"

படத்தில் மணல் இருந்தது, குழி இருந்தது, குழிக்குள் அக்காவின் கை இருந்தது. குடம் எங்கே? குடத்தை வெட்டிவிட்டார்கள்! தண்ணீர் எங்கே? தண்ணீரைக் கிழங்காக்கிவிட்டார்கள்! அதியமான்கோட்டையில் பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்றே சொன்னார்கள்: "சோத்துக்குக் கெழங்கு தோண்டற வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோங்க." வேறு மாப்பிள்ளை வருவதற்குள் ஆண்டுகள் ஓடின. வந்த பிறகும் போகவில்லை பெயர். கெழங்குக்காரி! என் அக்கா கெழங்குக்காரி!

என்ன முனிராஜ், கதையைச் சுருக்கவா? உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரைத் தப்பாக அடித்ததற்கு அச்சகத்தில் போய்க் குதித்தாயே! ஓர் எழுத்துக்கே உனக்கு அவ்வளவு என்றால், ஒரு வாழ்க்கைக்கு எவ்வளவு? உட்கார்.

படத்தை நான் பார்ப்பேன். கீழே இருக்கும் எழுத்தை எப்படிப் பார்ப்பேன்? பொய் எப்போதும் எனக்குத் தெரியாத இடம் பார்த்துத்தான் குடியேறுகிறது. அதனால் அனமைக் கேட்டேன்: "படத்துக்குக் கீழ என்னா எழுதியிருக்குது?" ராணியம்மாள் புளி உடைப்பதாக எழுதியிருக்கிறேன் என்றாள். எழுதினவளே சொன்னால் ஆயிற்றா? தலைமையாசிரியை அம்மாவிடம் நீட்டினேன். "எனக்கு அரபி தெரியாதுங்க ஐயா" என்றார். ஆகா! வாழ்நாளில் முதன்முறையாக ஊரே என்னோடு சேர்ந்து கைநாட்டானது!

விடுவேனா? ஜமீர் பாய் மதரஸாவில் ஓதியவர். அரபி எழுத்தைக் கூட்டி வாசிப்பார், பொருள் தெரியாது. நம் காளியப்பன் ரியாத்தில் வண்டி ஓட்டித் திரும்பியவன். அரபி பேசுவான், எழுத்துத் தெரியாது. ஒருவரிடம் பூட்டு, ஒருவனிடம் சாவி! இருவரையும் டீக்கடைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

பாய் தடவித் தடவி வாசித்தார். வேதத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் போடுகிற உச்சரிப்புக் குறி ஒன்றும் இதில் இல்லையாம். காளியப்பன் காதைக் கொடுத்துச் சொன்னான்: "ராணியம்மாள்... ஏரியூரு... வேலை செய்யுது..." சட்டென்று நின்றான். தலையைச் சொறிந்தான்.

"என்னடா?"

"பேரீச்சம்பழம்ங்க மாமா."

"என்னாது?"

"இந்தியாப் பேரீச்சம்பழம் உடைக்குதுன்னு போட்டிருக்குதுங்க."

அன்று கிழங்கு! இன்று பேரீச்சம்பழமா? என் அக்காவின் கையில் இருப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் எவரும் எழுத மாட்டார்களா? கத்தினேன். டீ கொட்டியது. பாய், "அஞ்சு நாளா நான் குடுத்த பழம் போதாதா?" என்று முனகினார்.

அனம் வந்தாள். அழவில்லை, ஓடவில்லை. "தாத்தா, அரபில புளிக்குப் பேரே அதாங்க. தமர் ஹிந்தி. தமர்னா பேரீச்சை. அவங்களுக்கு நம்ம புளி அப்பிடித் தெரிஞ்சிருக்குது."

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

"நம்ப வேணாங்க. விசாரிங்க."

விசாரிங்க! கேமரா பிடித்தவர் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. சரி என்றேன். காளியப்பனிடம் சொன்னேன்: "ரியாத்துல நீ சாமான் வாங்கன மளிகைக்கடைக்காரனுக்குப் போன் போடு. தமர் ஹிந்தி இருக்குதான்னு மட்டும் கேளு. வேற ஒரு வார்த்தை பேசுனா பல்லு இருக்காது." கேட்டான். கடைக்காரர் பேச்சோடு நிறுத்தாமல் ஒரு படமும் அனுப்பினார். கைபேசியை வாங்கிப் பார்த்தேன். உறை மேலே என்னென்னவோ எழுத்து. அதை விடுங்கள். உள்ளே? நாரும் கொட்டையுமாய், கறுத்துப் பளபளத்த, நம் குழம்பில் கரைகிற அதே புளி!

அன்று எழுத்து படத்தைக் கவிழ்த்தது. இன்று எழுத்துக்காகப் படம் வந்து சாட்சி சொன்னது!

ஆகவே சொல்கிறேன். சந்தேகப்படுங்கள்! எங்கே போகும் என்று கேளுங்கள். எதை வெட்டினாய் என்று கேளுங்கள். பெயரை எப்படி எழுதினாய் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவருக்கு உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள்! கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்! சும்மா சொல்லித் தருகிறவர்கள் எதற்காகச் சொல்லித் தருகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அனம், அதையும் நீ கேட்டு வந்து சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

என் விசாரணை முடிந்தது. படத்தில் இருக்கும் முகம் என்னுடையதா? இல்லை. அன்று ஊரறியப் பொய் சொன்னார்கள். இன்று ஊரறியக் கேட்கிறேன். அக்கா! அனுப்பலாமா, வேண்டாமா? மைக்கைக் கொடுங்கள் அவளிடம். வேண்டாமாம், தொண்டை இருக்கிறதாம்.

கேட்டதா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், நானே சொல்கிறேன். "அனுப்பச் சொல்லுடா. கெழவி ஆனதுக்கப்புறமாச்சும் நான் செஞ்ச வேலையை ஒழுங்கா எழுதட்டும். நீ மொதல்ல மைக்கை வுடு. புள்ளைக்கு நேரமாவுது" என்கிறாள்.

விட்டேன் தாயே, விட்டேன்! அனம், அழுத்தம்மா!

பொறுமையாய்ச் செவி கொடுத்த தாய்மார்களுக்கும், நான் சொன்னதை அப்படியே நம்பாமல் வீட்டுக்குப் போய் யோசிக்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்!