இருபது கிலோ மணல்

ஒற்றைச் சக்கர மின்வண்டி வாங்க வருகிறவர்களை நான் முதலில் எடை மெஷினில் ஏற்றுவேன். சிலருக்கு அது பிடிக்காது. வண்டி பார்க்க வந்த இடத்தில் ஆஸ்பத்திரி மாதிரி நிறுத்துப் பார்க்கிறானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எவ்வளவு வேகம் போகும், எத்தனை கலரில் இருக்கிறது என்றெல்லாம் அவர்கள் கேட்பது என் காதில் விழாது. எடையைச் சொல்லுங்கள், போகிற வழியில் மேடு இருக்கிறதா சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன்.

நம்பகமான வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சைக்கிளில் சங்கிலி கழன்றால் காலை ஊன்றி நின்றுவிடலாம். இதில் கைப்பிடி கிடையாது, பிரேக் கிடையாது. இரண்டு பெடல், நடுவில் ஒரு சக்கரம், அவ்வளவுதான். உடம்பை முன்னால் சாய்த்தால் போகும், பின்னால் சாய்த்தால் நிற்கும். ஆள் விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கிற மோட்டார். மேடு ஏறும்போது அதற்கு மின்சாரம் ஒரு நொடி பற்றாமல் போனால் சக்கரம் தளர்ந்துவிடும், ஆள் குப்புறப் போவார். அதனால்தான் இரண்டு பேட்டரி உள்ள வண்டியை மட்டுமே நான் சிபாரிசு செய்வது.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாரம் ஒரு தடவை காற்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை பெடல் திருகுகளை முடுக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. வண்டி கீச்சென்று கத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மின்சாரம் பற்றவில்லை என்று அது சொல்வதுதான் அந்தச் சத்தம். நிறையப் பேர் அதை அணைத்து வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை.

என் கடையில் இரண்டு பழக்கம் உண்டு. பழுது பார்த்த எந்த வண்டியையும் நானே ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு மேடு இருக்கிறது, உச்சியில் ரத்தம் சோதிக்கிற லேப். அதுவரை ஏறி இறங்குவேன். நான் ஐம்பத்தோரு கிலோ. அதனால் கனமான ஆளின் வண்டி என்றால் முதுகில் இருபது கிலோ மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை ஏறுவேன். மூட்டையோடு நான் போவதைப் பார்த்து எதிர்க்கடைத் தையல்காரர் சிரிக்காத நாள் இல்லை. இரண்டாவது பழக்கம், வேலை முடிந்ததும் ஒரு சீட்டில் முடித்த தேதியை எழுதி அந்தப் பொருளில் கட்டிவிடுவேன். சின்னத் திருகாக இருந்தாலும் சரி. அரைகுறை வேலை என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கடைக்கு மேல் மாடியில் என் தங்கை குடும்பம் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். கல்யாணத்தைப் பற்றி எனக்கு யோசிக்க நேரம் வரவில்லை. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். அதை நான் மறுக்க மாட்டேன். கிளினிக்குகளில் எடுத்த ரத்தக் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. தொண்ணூற்றாறு கிலோ. கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பஞ்சு. அந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரிப்பது அவர்தான். அவருக்கு வண்டி வாங்க வேண்டும் என்றபோது, "அண்ணே, வேகம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, விழுந்து வைக்காத வண்டியா பாருங்க" என்று தங்கை சொன்னாள். நான் மூன்று வாரம் அலசினேன். அகலமான டயர், பலமான மோட்டார், இரண்டு பெரிய பேட்டரி. அதைவிட நல்ல வண்டி அன்றைக்குக் கிடையாது. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண். சரியான வாலு. பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்குப் போகாமல் நேரே என் கடைக்குத்தான் வரும். ஸ்பானரை நீட்டும், திருகுகளை அளவு பார்த்துப் பிரிக்கும், கையில் கிடைத்ததன் மேலெல்லாம் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும். என்னை அது குச்சி மாமா என்றுதான் கூப்பிடும். சாயங்காலம் நாலரை மணி எப்போது ஆகும் என்று நான் காலையிலிருந்தே காத்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை சொன்னார். வேறு ஊரில் பெரிய கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறதாம். வீடும் தருகிறார்களாம். நாற்பது நாளில் போய்ச் சேர வேண்டுமாம். தங்கை தலையைக் குனிந்துகொண்டு எனக்குச் சோறு வைத்தாள். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வாலு மட்டும், "குச்சி மாமாவும் வரும்ல?" என்று கேட்டது. நான் நல்லது என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

இதற்குப் பிறகு நான் ஏதோ திட்டம் போட்டதாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். வண்டி தானாகத்தான் வந்தது. பத்தொன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டில் கொஞ்சம் இழுக்கிறது மச்சான் என்று மாப்பிள்ளையே கொண்டுவந்து விட்டார். கழற்றிப் பார்த்தேன். இரண்டு பேட்டரியில் ஒன்று செத்துப்போயிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. மூடியைப் பழையபடி மூடினேன். அதற்கேற்ற புதுப் பேட்டரி என் அலமாரியில் இருந்தது என்பது உண்மை. ஆனால் அலமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் எல்லாருக்கும் போட்டாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

கீச் சத்தத்தை அணைத்துக் கொடுக்கச் சொல்லி அவர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கத்தி மானத்தை வாங்குகிறது என்பார். அந்தத் தடவை அணைத்துக் கொடுத்தேன். அது அவர் கேட்டது.

நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் எலும்பு. ஆறு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கிடங்கு வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நானே தூக்கி உட்கார வைப்பேன், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். எல்லாரும் ஒரே வீட்டில் இருப்போம். ஒரு குடும்பம் சிதறாமல் இருக்க ஒரு எலும்பு என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இப்போதும் படவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் செய்கிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடைகள் திறக்கும் முன் அந்த வண்டியை மேட்டில் ஏற்றினேன். முதலில் வெறுமனே போனேன். ஒரு குறையும் இல்லாமல் உச்சிவரை போனது. பிறகு இருபது கிலோ மூட்டையோடு போனேன். மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டி செத்தது. எப்போது போகும் என்று காத்துக்கொண்டிருந்ததால் கையை ஊன்றிவிட்டேன். தோள்பட்டையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் சுளுக்கு, வேறொன்றும் இல்லை. தலையும் தரையில் ஒரு முட்டு முட்டியது. ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால் கோடு விழுந்ததோடு சரி. ஆக, விழுந்தால் இவ்வளவுதான் ஆகும் என்று என் உடம்பிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். அந்த அளவுக்கு எந்த மெக்கானிக் செய்வான்?

திங்கட்கிழமை மதியம் வண்டியைக் கொடுத்தேன். வழக்கப்படி எல்லார் கண் முன்னாலும் மேட்டில் ஏறி இறங்கிக் காட்டினேன். மாப்பிள்ளை கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணல் மூட்டை எங்க மச்சான்? பஞ்சுக்கு அது வேண்டாமா?" என்றார்.

"அது நேத்தே ஆச்சு மாப்பிள்ளை" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தையல்காரர் சிரித்தார், மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். வண்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அவர் முதல் பெட்டியோடு மேடு ஏறினார். தொண்ணூற்றாறு கிலோவோடு எட்டுக் கிலோ பெட்டி. லேபில் காத்திருக்கிறார்கள் என்று வேகமாகப் போயிருக்கிறார். இரண்டாவது கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை. நான் அப்போது வேறொரு வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். தையல்காரர் ஓடி வந்து சொன்னதும், கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நடைபாதைக் கல்லில் தலை மோதியிருந்தது. பெட்டியில் ஒரு குழாய்கூட உடையவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து கையை விரித்துவிட்டார்.

ஹெல்மெட் போடாமல் போனது அவர் தவறு. அதை நான் எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் ஆட்கள் முதலில் வந்து விசாரித்தபோதும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டின் கொக்கி உடைந்து என் கடையில்தான் கிடந்தது. சரி செய்ய நேரம் இல்லை, அவரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் என்னைச் சந்தேகமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் நன்றாகத்தான் போனது. தங்கை எங்கும் போகவில்லை. இனிமேல் போக இடமும் இல்லை. ராத்திரி அவள் அழுவது கீழே கேட்கும், விடிந்ததும் நானே கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒன்பது வயதில் எப்படிக் குடித்தாளோ அப்படியே வாங்கிக் குடித்தாள். வாலு மட்டும் கடைக்கு வருவதில்லை. நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பதினாறாவது நாள் தங்கை கடைக்கு இறங்கி வந்தாள். அப்பாவின் ஹெல்மெட்டில் தான் ஒட்டிய நட்சத்திரம் இருக்கிறது, அது வேண்டும் என்று குழந்தை கேட்கிறதாம். நான் ஒரு வண்டியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டிருந்தேன். என் தலைக்கு மேல் ஆணியில் ஹெல்மெட் இருந்த துணிப்பை தொங்கியது, அவளே அதை எடுத்தாள். ஹெல்மெட்டை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு ஏன் செய்தாளோ, கொக்கியை அழுத்தினாள். டிக் என்று மாட்டிக்கொண்டது. கழற்றினாள். மறுபடியும் மாட்டினாள்.

கொக்கி மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாப்பிள்ளை அதைக் கொண்டுவந்தது விபத்துக்குப் பதினொரு நாள் முன்பு. அன்றைக்கே மாற்றிவிட்டேன். அரைகுறையாக ஒரு பொருளை வைத்திருக்க என்னால் முடியாது என்று சொன்னேனே. அன்றைக்கு அதில் கள்ளம் எதுவும் இல்லை. மாடி ஏறிப் போகும்போது கொடுத்துவிடலாம் என்று ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு அது அங்கேயே தொங்கட்டும் என்று எந்த நாளில் தோன்றியது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தங்கை வாரில் கட்டியிருந்த சீட்டைப் படித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். வெகுநேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணித்தான் வெச்சிருந்தீங்களா? அப்புறம் ஏண்ணே குடுக்கல?" என்றாள்.

அவர் கேட்கவில்லை என்றேன்.

அவள் ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போகாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதோ, உங்கள் மேசைமேல் இருக்கிறது. நட்சத்திரம் கொஞ்சம் உரிந்திருக்கிறது, முடிந்தால் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் நினைத்தது ஒரு கால் எலும்பு மட்டும்தான், அதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்றையும் திருத்திவிடுங்கள், அவர் கேட்கவில்லை என்று நான் சொன்னதை. கேட்டார். ஒரு தடவை படியில் வைத்துக் கேட்டார், ஒரு தடவை போனில் கேட்டார். கடைசியாக அந்தத் திங்கட்கிழமை, மணல் மூட்டையைச் சொல்லிச் சிரித்து முடித்த பிறகு கேட்டார். இன்னும் கொக்கி வரவில்லை மாப்பிள்ளை என்றேன். அப்போது அது என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.