ஞாயித்துக்கிழமை கரண்ட்

— …தண்ணியே இல்ல சுஜித்து! உங்கப்பா ஒரு சொட்டுக்கூட சிந்தல. சர்ச்சு ஆம்ப்ளிஃபையருக்குள்ள வெடிச்சது நான் மாட்டின கெப்பாசிட்டர். கேக்குதா? நான் மாட்டினது!

— மெதுவாப் பேசு கெஸியா. மணி பன்னெண்டு. எங்கப்பா இப்பத்தான் கண்ணசந்தாரு. நீ எங்கிருந்து பேசற, தண்ணி சத்தம் கேக்குது?

— எங்கூட்டு பாத்ரூம்ல. அம்மாவுக்குக் கேட்டுறும்னு பைப்பைத் திறந்து விட்டிருக்கேன்.

— ஓ அப்படிங்களா. இங்க நாங்க பாத்திரமெல்லாம் சாக்குல கட்டி வெச்சிருக்கோம். காலைல கமிட்டி கூடுது. எங்கப்பாவைப் போகச் சொன்னா அன்னிக்கே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணோணும். பதினாலு வருசம் மணியடிச்சு, சர்ச்சுத் தரையைக் கூட்டி, மைக் போட்டவரு. இதெல்லாம் செக்ரட்டரி மகளுக்குத் தெரியாதா?

— தெரியும். அதான் கூப்பிட்டேன். திட்டு, ஆனா நான் சொல்றதை முழுசாக் கேளு.

— சொல்லு.

— வியாழக்கிழமை சாயங்காலம் நீயும் உங்கப்பாவும் அதைத் தூக்கிட்டு வந்தீங்கல்ல? எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. "உம்முனு இரையுது பாப்பா, ஞாயித்துக்கிழமை அறுப்புப் பண்டிகை"ன்னாரு உங்கப்பா. திறந்து பாத்தா ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பி நின்னுச்சு.

— ஆமா, டப்பி மாதிரி. அதை மாத்தினே, இரைச்சல் நின்னுச்சு. பாலிடெக்னிக் இன்ஜினியரம்மான்னு எங்கப்பா வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாரு. அப்புறம் என்ன?

— பழசு மேல 2200 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ 50 வோல்ட். நான் பழைய டிவி போர்டுல இருந்து கழட்டி வெச்சிருந்தது ஒண்ணு. அதுலயும் 2200தான். ஆனா 35 வோல்ட்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— அந்த வோல்ட்டு, அது எவ்வளவு தாங்கும்ங்கற கணக்கு. 50 இருந்த இடத்துல 50 போடலாம், 63 போடலாம். அதுக்குக் குறைஞ்சு போடவே கூடாது. போட்டா உப்பும், இல்லாட்டி வெடிக்கும்.

— அப்ப உடனே வெடிச்சிருக்கோணுமே? அன்னிக்கு ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுக் கேட்டோமே!

— மீட்டர் வெச்சுப் பாத்தேன்டா. உள்ள முப்பத்திரண்டுதான் காட்டுச்சு. முப்பத்தஞ்சுக்குள்ளதானேன்னு விட்டுட்டேன். ஆனா அன்னிக்கு ஃபேக்டரி ஓடிட்டிருந்துச்சு.

— ஃபேக்டரிக்கும் இதுக்கும் என்ன?

— தேயிலை ரோலரு, ட்ரையரு எல்லாம் ஓடறப்ப நம்ம லைன்ல கரண்ட் எப்படி இருக்கும்?

— டியூப்லைட்டு கண்ணடிக்கும்.

— ஞாயித்துக்கிழமை?

— லீவு. அன்னிக்குத்தான் எங்கம்மா மாவாட்டறதே. மிக்ஸி பறக்கும்… ஐயோ.

— அதான். வியாழக்கிழமை எங்கூட்டுல நூத்தியெழுவது வோல்ட்டுதான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எரநூத்தி நாப்பது. உள்ள முப்பத்திரண்டு இருந்தது நாப்பத்தஞ்சுக்கு ஏறியிருக்கும். பாதிப் பாட்டுல டமார்னுச்சு. பொறந்ததுல இருந்து இந்த மலையில இருக்கேன், எனக்கு அது தோணவே இல்ல பாரு.

— தெரியாமப் பண்ணிட்ட. தெரியாமத்தானே?

— கரண்ட் ஏறும்னு தோணல. ஆனா 35 போடக் கூடாதுன்னு தெரியும். முதல் செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். மஞ்சூர்ல கிடைக்காது, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ஊட்டி போனா வாங்கியிருக்கலாம்.

— ஏன் போகல?

— உங்கப்பா பக்கத்துல நின்னு டாக்டரைப் பாக்கற மாதிரி பாத்துட்டிருந்தாரு. நீ வேற "இவளுக்கு வராதுப்பா, கடைக்கே கொண்டு போலாம்"னு சிரிச்சே. எங்கிட்ட சரியான பார்ட் இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல.

— நான் சும்மா சிரிச்சேன் புள்ள.

— தெரியும். உன்மேல பழி போடல. வெடிச்சு புகை வந்ததும் எல்லாரும் விழுந்தடிச்சு ஓடினாங்கல்ல, தெய்வம்மாக்கா படியில விழுந்து கை ஒடிஞ்சுதுல்ல? நான் நேத்துப் போய்ப் பாத்தேன். ஆறு வாரத்துக்குக் கொழுந்து பறிக்கக் கூடாதாம். ஒத்தைக் கையில டீ போட்டுக் குடுத்தாங்க சுஜித்து. குடிச்சுட்டு, டம்ளரைக் கழுவி வெச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்.

— நான் ரெண்டு நாளா எங்கப்பாகிட்ட பேசல, தெரியுமா? "பீடத்துப் பூ ஜாடியை ஆம்ப்ளிஃபையர் மேல வெச்சேன், தண்ணி சிந்திருச்சு"ன்னாரு. கிழவனுக்கு அறிவிருக்கான்னு கேட்டுட்டேன். மூஞ்சிக்கு நேரா.

— அவரு ஏன் அப்படிச் சொன்னாரு? ஜாடி ஜன்னல்லதான் இருந்துச்சு. நான் பாத்தேன்.

— அது எனக்கெப்படித் தெரியும்? எழுதியே குடுத்துட்டாரு. ஜெராக்ஸ் இங்க அலமாரி மேல கிடக்கு. கோவத்துல நான் படிக்கக்கூட இல்ல.

— இப்பப் படி.

— இரு, போன் லைட்டைப் போடறேன்… "சபைக் கமிட்டிக்கு ஞானசீலன் எழுதிக் கொடுத்தது. பூ ஜாடியின் தண்ணீர் என் கவனக்குறைவால் சிந்தியதே விபத்துக்குக் காரணம். ஒலிபெருக்கியை வேறு யாரும் திறக்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை." கீழ எங்கப்பா கையெழுத்து.

— பழுது பாக்கலேன்னு அவரா எழுதினாரு? யாராச்சும் கேட்டாங்களா? நம்ம மூணு பேரைத் தவிர அது யாருக்குமே தெரியாதே.

— இது எங்கப்பா எழுத்தே இல்ல. அவருக்குப் பேர் போடவே அஞ்சு நிமிசம் ஆகும். இது பாரு, முத்து முத்தா இருக்குது. போட்டோ அனுப்பறேன்… வந்துச்சா?

— வந்துச்சு.

— யார் எழுத்துன்னு தெரியுதா? கெஸி? பைப்பை ஏன் நிறுத்தினே?

— என்னோட ஸ்கூல் லீவ் லெட்டர் அத்தனையும் இந்த எழுத்துலதான் இருக்கும்.

— செக்ரட்டரியா?

— எங்கப்பாடா.

— ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்கப்பா உங்கூட்டுக்குத்தான் போனாரு. "நடந்ததை வசந்தகுமார் சார்கிட்ட உள்ளபடி சொல்லிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுத்தான் போனாரு. திரும்பி வந்து சோறு திங்கல.

— கதவைச் சாத்திட்டுப் பேசினாங்க. போறப்ப எங்கப்பா வாசல் கேட் வரைக்கும் கூடப் போய் டார்ச் அடிச்சாரு. நான் ஜன்னல்ல பாத்து, நல்லவேளை சண்டை இல்லேன்னு நினைச்சேன்.

— அப்ப மொதல்ல இருந்தே அவருக்குத் தெரியும். உன்னைக் காப்பாத்த எங்கப்பாவை…

— சொல்லாத.

— நாளைக்குப் பத்து மணிக்கு எங்கப்பாவை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதும் அவருதான். நீ வந்து சொல்லுவியா?

— நான் பண்ணினதைச் சொல்லிரலாம்னுதான் தைரியம் சேத்து உன்னைக் கூப்பிட்டேன். இப்ப அவரு பண்ணினதையும் சேத்தில்ல சொல்லோணும். பாஸ்டரய்யா முன்னாடி, அவரு மூஞ்சியைப் பாத்து.

— வருவியா, மாட்டியா?

— வந்து சொல்லிட்டு, அப்புறம் நான் எந்த ஊட்டுக்குடா போவேன்?