வாஷிங் மெஷினில் கிடந்த ஈரச் சீருடை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் அவர்களே! வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து, வாசல்கள் பல கண்ட பெரியோர்களே! வாளியும் கையுமாய் மாடி ஏறி இறங்கி மூட்டுத் தேய்ந்த தாய்மார்களே! உங்கள் முன் பணிந்து நிற்கிறேன்.

வீடு தேடி அலைந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா. தலைவரே, நீங்களுமா?

என் தங்கை மருத்துவமனையில் நர்ஸ். படுத்த படுக்கையாகிவிட்ட எங்கள் அப்பா அவளோடு இருக்கிறார். அன்றாடம் விரிப்பு மாற்ற வேண்டும். அவள் கட்டடத்திலோ எல்லோருக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் ஒரே வாஷிங் மெஷின். பகலில் பக்கத்து வீட்டு அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்; இரவில் அவரைத் தனியே விட்டுவிட்டு அங்கே வரிசையில் நிற்க முடியுமா? மாளிகையா கேட்டாள்? மாடமா கேட்டாள்? சம்பளத்துக்குள் அடங்கும் வாடகையில், வீட்டுக்குள்ளேயே மெஷின் இருக்கும் ஒரு வீடு கேட்டாள்.

பல மாதம் அலைந்தபின் ஒரு தரகர் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். நடு நகரம், நல்ல வெளிச்சம், சமையலறை ஓரத்தில் பளபளக்கும் மெஷின், எங்கள் கைக்கு எட்டும் வாடகை. தங்கையின் முகம் மலர்ந்தது. எனக்கோ சந்தேகம். இவ்வளவு நல்ல வீடு ஏன் இவ்வளவு மலிவு? ஏன் இதுவரை எவரும் வரவில்லை? ஏன் இந்த மனிதர் ஜன்னல் வழியே தெருவையே பார்க்கிறார்?

கட்டிலும் அலமாரியும் கிடந்தன. சாமான்களோடுதான் வாடகை, பழைய குடித்தனம் போன மாதமே போய்விட்டது என்றார். முன்பணம் அன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மெஷினை ஓட்டிப் பார்க்கலாமா என்று தங்கை கேட்டதும் குரல் மாறியது. உரிமையாளர் சொல்லாமல் தொடக்கூடாதாம். கேட்டீர்களா அம்மா? வாடகைக்கு விடுகிற மெஷினைத் தொடக்கூடாதாம்.

அவர் போன் பேச வெளியே நகர்ந்தார். தங்கை மெஷின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு சிறுமியின் பள்ளிச் சீருடை. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"அக்கா, இங்க ஆள் இருக்காங்க."

முன்பணம் தராமல் வெளியேறினோம். தரகர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நானும் கிளம்பப் பார்த்தேன்; அந்த வீட்டுக்காரர்கள் வரும்வரை நகரமாட்டேன் என்று தங்கை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் இருப்பவர்களும் தரகருக்குக் கூட்டோ என்றுகூட எனக்குச் சந்தேகம். மாலையில் ஒரு தையல்காரப் பெண் மகளோடு வந்தார். எங்களைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கு எங்கள்மேல் சந்தேகம்.

நடந்ததைச் சொன்னோம். அவர் முகம் வெளுத்தது. குழாய் பார்க்க ஆள் வருவார் என்றுதான் உரிமையாளர் சொல்லியிருந்தாராம். ஒழுகும் கூரையைச் சரிசெய்யச் சொல்லி இவர் விடாமல் கேட்டதே குற்றம். புதிதாக வருபவருக்கு வாடகையைக் குறைத்தாவது இவரை வெளியேற்றத் துணிந்திருக்கிறார் அந்த உரிமையாளர்.

"நீங்க சரின்னு சொல்லியிருந்தா, நானும் என் பொண்ணும் தெருவுலதான் நின்னிருப்போம்," என்றார்.

"எனக்கு வீடு வேணும்தாங்க. ஆனா உங்க வீடு வேணாம்," என்றாள் என் தங்கை.

மறுநாள் அந்தக் கட்டடமே திரண்டு உரிமையாளர் முன் போய் நின்றது. தரகர் சொன்னதையெல்லாம் தங்கை அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். மழுப்பினார், மறுத்தார், முறைத்தார். முடிவில் இறங்கி வந்தார். தையல்காரர் அங்கேயே இருக்கிறார். கூரையும் சரியாயிற்று.

தங்கைக்கு வீடு கிடைத்ததா என்கிறீர்களா? இன்னும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் விரிப்புகளைத் தையல்காரர் வீட்டு மெஷினில் போட்டுவிட்டு, திரும்பும்போது மடித்து எடுத்து வருகிறாள்.

தோழர்களே, நாளை உங்களுக்கும் ஒரு மலிவு வீட்டைக் காட்டுவார்கள். சந்தேகப்படுங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். அதோடு நிற்காதீர்கள். இங்கே இருந்தவர் யார்? ஏன் போனார்? உண்மையிலேயே போனாரா? கேளுங்கள்! ஒருத்தியை விரட்டி இன்னொருத்தியைக் குடிவைக்கும் சாவி எவர் கையில் இருந்தாலும், அதை வாங்க நம்மில் ஒரு கையும் நீளாதிருக்கட்டும்!

நின்றுகொண்டே கேட்ட பின்வரிசைக்கும், குழந்தையை மடியில் வைத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.