பொதுமக்கள் இருவர்

— "பலெர்மோ மாநகரத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் அறியத் தருவது யாதெனில், எமது இராணுவக் கல்லூரியின் ஆலோசனைச் சபை, 1996ஆம் ஆண்டு ஒக்ரோபர் நான்காம் நாளாகிய இன்று, மக்களின் மேலான கண்காணிப்புக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறது." இதைத்தான், பிள்ளை, சபைத் தலைவர் எழும்பி நிண்டு வாசிச்சவர்.

— அந்த மக்கள் எங்கை, ஞானசேகரம் அண்ணை?

— நீயும் நானும்தான். ரெண்டு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லுமாம். அதுதான் கூட்டுற தும்புத்தடியை வைச்சிட்டு வந்து இருக்கச் சொன்னவை.

— வேறை ஒருத்தரும் வரேல்லையே?

— எப்பிடி வருவினம்? அறிவித்தலை உள் விறாந்தையிலையெல்லோ ஒட்டினவை. பாஸ் இல்லாத சனம் விறாந்தைக்கு வரேலாது. நீ தூசு தட்டேக்கை பாத்ததுதான்.

— பாத்திட்டு அந்தத் தாய்க்குச் சொன்னனான். பகேரியாவிலையிருந்து காலமை ரயிலிலை வந்து வாசல்லை நிக்கிறா.

— ஆர், இஞ்சை படிக்கேக்கை செத்த பெடியன்ரை தாயோ?

— ஓம். சப்பாத்து மினுங்கேல்லையெண்டு ஓகஸ்ட் வெயிலுக்கை பகல் முழுக்க நிப்பாட்டி வைச்சவையே, அந்தப் பெடியன். காவல்காரன் அவவை விடேல்லை. உள்ளுக்குப் போற நீயாவது கேளெண்டு துண்டு எழுதித் தந்தவ.

— விசர்க் கதை கதையாதை றோசமலர். உன்ரை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற விசா, அடுத்த மாதம் முடியுது. இவையின்ரை கடிதம் இல்லாட்டிப் புதுப்பிச்சுத் தரமாட்டாங்கள்.

— இப்ப என்ன கதைக்கினம்? எனக்குச் சந்தை இத்தாலியன்தானே விளங்கும்.

— தொப்பி இறகு. அணிவகுப்புக்குக் கறுப்போ சிவப்போ எண்டு ஒரு மணித்தியாலமாய். முடிவெடுக்கேல்லையெண்டால் நாடு தாங்காது.

— பெடியனைப் பற்றி?

— "பருவகால அசௌகரியம் ஒன்று." அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பியாச்சு. துண்டிலை என்ன எழுதியிருக்கு?

— ஒரே ஒரு கேள்வி. என்ரை மகனுக்கு ஆரும் தண்ணி குடுத்தனியளோ எண்டு.

— கேட்டால் எழும்பி வரப்போறானோ?

— வரமாட்டான். மன்னாரிலை என்ரை மகன் சூசையை ஆமி முகாமுக்குள்ளை கொண்டுபோன அண்டு நானும் வாசல்லைதான் நிண்டனான் அண்ணை. உள்ளுக்குக் கூட்டித் துடைக்கப் போய்வந்த மனிசி ஒருத்தி, என்னைப் பாராமல் குனிஞ்சுகொண்டு போனவள்.

— பொறு, பொதுமக்களிட்டைக் கேள்வி இருக்கோ எண்டு தலைவர் கேக்கிறார்.

— துண்டை எடுத்திட்டன். கையைத் தூக்கட்டோ?

— தூக்கு. இன்னும் மேலை. நானும் எழும்பி நிக்கிறன்.

— பாத்திட்டாரோ?

— பாத்திட்டார். சிரிச்சுத் தலையாட்டுறார்.

— என்னவாம்?

— கேள்வி இல்லையெண்டு கூட்டக் குறிப்பிலை எழுதியாச்சாம். இனி நாங்கள் தண்ணிக் கிளாசுகளை எடுக்கலாமாம்.