முத்துக்குளிக்கும் பாலன்

ஹலோ... ஹலோ... ஆமாம்மா, தூத்துக்குடிதான். பர்னபாஸ் வீடுதான்... இல்ல, நான் பக்கத்து வீடு. ஹில்டா. எங்க வீட்டுல போன் கிடையாது, அதான் இங்கன கூப்பிட்டு விட்டாங்க... ஆமா, லண்டன் காலுக்குத்தான் நிக்கேன். குடுங்க, குடுங்க.

ஹலோ... ஏலே வளன்... ஆமா, அக்காதான். கேக்குதா?... எனக்கு நல்லாக் கேக்குது, நீதான் கிணத்துக்குள்ள நிக்குத மாதிரி இருக்கு... என்னல ஆச்சு? பிளாரன்சுக்கு ஒண்ணுமில்லையே?... புள்ளைக்கு?... உன் வேலைக்கு?... பொறவு எதுக்குல போன்? தம்பி லண்டன்லருந்து கூப்பிடுதான்னதும் வெங்காயம் அரிஞ்ச கையோட ஓடி வந்திருக்கேன். அம்மா முட்டுவலியோட வீட்டுல செபமாலையக் கையில எடுத்துட்டா.

என்னது?... குடிலா?...

பர்னபாஸ் அண்ணாச்சி, பயப்படாதீங்க. எல்லாரும் சொகமாத்தான் இருக்காங்களாம். கிறிஸ்மஸ் குடில்ல ஒரு சந்தேகமாம். அதுக்குத்தான் டிரங்க் கால் போட்டிருக்கான்.

ம்... சொல்லு... ஆமா... ஆமா... மாடு வலது பக்கம், கழுத இடது பக்கம்... யாருக்கு வலதா? மாதாவுக்குன்னு வச்சுக்கோ... இல்லன்னா சூசையப்பருக்கு... ஏலே, ரெண்டும் வாயில்லாச் சீவன், எங்கன நின்னா என்ன? நம்ம வீட்டுக் கழுதைக்குக் காலே மூணுதான். அதனால சுவரு இருந்த பக்கமாப் பாத்துச் சாச்சு வச்சோம்... என்ன எழுதிக்கிடுத?... 'கழுதையைச் சுவரில் சாய்ப்பது மரபு'ன்னா? ஏலே, அத அடிச்சிரு.

யாருக்குல இதெல்லாம்?... என்ன கமிட்டி?... திரும்பச் சொல்லு... முத்துக்குளித்துறைக் கிறிஸ்மஸ் மரபு காப்புக் கமிட்டி... ம்... நீ தலைவரு... சந்தோசம். மொத்தம் எத்தன பேரு?... ஏழு. அதுல தூத்துக்குடிக்காரங்க எத்தன பேரு?... நீ மட்டுமா. சரி, சரி.

குடிலுக்கு மணலா? அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சே. இன்னுமா வரல? போஸ்ட் ஆபீசுல உள்ள என்னன்னு கேட்டாங்க. கடல் மண்ணுன்னேன். அங்க மண்ணு இல்லையான்னாங்க. எங்க தம்பிக்கு நம்ம ஊரு மண்ணுதான் வேணுமாம்னேன். அந்தக் கிளார்க்கு உன் படிப்பு என்னன்னு கேட்டாரு. நான் சொல்லல.

கேழ்வரகு முளைக்கப் போட்டியா?... அங்க கேழ்வரகு கிடைக்காதோ... பொறவு?... கடுகா. முளைச்சுதா?... நல்லது... என்னது?... யாரு தின்னா?... பக்கத்து வீட்டுத் தொரசாணியா? குடில்ல முளைச்ச பயிரக் கத்திரிக்கோலால வெட்டி, ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வச்சா? நீ என்ன செஞ்ச?... உப்பு எடுத்துக் குடுத்தியா. நல்ல தலைவருல நீ.

இங்கனயா? இங்கன மரம் வச்சாச்சு. போன வருசம் நீ அனுப்பினியே, அந்தப் பிளாஸ்டிக் மரம்... இல்ல, சவுக்குக் கொப்பு வெட்டல... ஏலே, கத்தாத. நீதான அனுப்பின?... ஸ்டாரும் நீ அனுப்பினதுதான். பேட்டரி போட்டா மினுக்கும். மூங்கில் சீவி, பச மாவு காச்சி, கலர்ப் பேப்பர் ஒட்டுததுக்கு யாருக்குல நேரம்?... நீ செஞ்சியா? லண்டன்லயா? மூங்கிலுக்கு எங்க போன?... தக்காளிச் செடிக்கு ஊணின குச்சியா. ம்.

ம்... ம்... அது எப்பல நடந்துச்சு?... ஏசு பாலனத் தோணில வச்சுக் கடல்லருந்து கொண்டாந்தமா? நாமளா? ஏலே, நீ தோணில கால வச்சாலே வாந்தி எடுப்ப. அப்பா துறைமுகத்துல மூட்ட எண்ணுத டாலி கிளார்க்கு. நம்ம வம்சத்துல கடைசியாக் கடல்ல முங்குனவரு யாருன்னு அப்பாவுக்கே தெரியாது... பேச்சுல சொல்லிட்டியா? எல்லாரும் கைதட்டினாங்களா. சரி, தட்டினது தட்டினதா இருக்கட்டும். கேக்க வந்ததக் கேளு, எக்சேஞ்சு அம்மா நடுவுல வந்துரும்.

பாலனா?... என்ன பாலனுக்கு?... படுக்க மாட்டேங்குதா?

மல்லாக்கப் போட்டாக் காலு ரெண்டும் மேல தூக்கிக்கிட்டு நிக்குதா... வைக்கோல அமுக்கிப் பாரு... அப்பவுமா?... இல்லல, சின்னப் புள்ளையில நம்ம வீட்டுல அப்படி இல்ல. நம்ம பாலன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அடக்கமாப் படுத்திருக்கும்... இரு, இரு. இன்னைக்குத் தேதி இருபத்திமூணு. பாலன அதுக்குள்ள எதுக்குல குடில்ல வச்ச? பாலன் பொறக்குறதுக்கு முந்தி வைக்கக் கூடாதுங்கிறதுதான் முதல் மரபு... படம் பிடிக்க ஆளு வந்தானா? அந்த ஊருப் பேப்பருக்கா? ஓகோ... காலு ஏன் அப்படி நிக்குன்னு அவனும் கேட்டானா. நீ என்ன சொன்ன?

என்னது?... திரும்பச் சொல்லு.

முத்துக்குளிக்கிறவன் தலகுப்புற முங்கும்போது காலு ரெண்டும் தண்ணிக்கு மேல தெரியுமே, அதனால எங்க கரையில பாலன இப்படித்தான் வைக்கிறதுன்னு... பேப்பர்ல படத்தோட வந்துட்டா?... அண்ணாச்சி, சிரிக்காதீங்க, எனக்கு இங்கன காது கேக்கல. ஏலே வளன், குளிக்கிறவன் கல்லு மேல கால வச்சு நேராத்தான்ல இறங்குவான். தலகுப்புற எவன் போனான்?... தீர்மானமா? என்ன தீர்மானம்?... இனிமே கமிட்டியில உள்ள எல்லாரு வீட்டுலயும் பாலன் காலத் தூக்கித்தான் இருக்கணுமா. கேரளாக்காரன் ஒருத்தன் ஒத்துக்கலையா. அவனாவது இருக்கானே.

சரி, அந்தப் பாலனக் கடையில குடுத்து வேற வாங்கு... கடையில வாங்கலையா? பொறவு?... நம்ம வீட்டுப் பாலனா?

ஏலே, நம்ம வீட்டுப் பாலன் நம்ம வீட்டுலதான் இருக்கு. காலையிலதான் பஞ்சுலருந்து எடுத்துத் தொடச்சு வச்சேன்.

...

எப்ப?... பிளேன் ஏறுததுக்காகக் கிளம்புன அன்னைக்கா... ம்... வீட்டுப் பீடத்துலருந்தா... ம்... துண்டுல சுத்தி... அவசரத்துல எதுன்னு பாக்கல... யாருகிட்டயும் சொல்லல... ஞாபகத்துக்குன்னு... ம்.

வளன், அதக் கையில எடு. அடியில பாரு. ஓட்ட இருக்கா?... குச்சி சொருகுத ஓட்ட?... அங்கி நீலமா? உக்காந்த மாதிரியா?

வளன், அது குடில் பாலன் இல்லல. அந்தோணியாரு கையில இருந்த பாலன்.

அந்தோணியாருல. நம்ம பீடத்துல புஸ்தகமும் கையுமா நிக்காரே. புஸ்தகத்து மேல ஒரு புள்ள உக்காந்திருக்குமே, அது. உக்காந்திருக்குத புள்ளைய மல்லாக்கப் போட்டாக் காலு மேலதான நிக்கும்.

சிரிக்காத... ஏலே, சிரிக்காத. நான் சிரிக்கல.

ஊருல காணாமப் போனதெல்லாம் தேடிக் குடுக்குத அந்தோணியாரு, நாலு வருசமாத் தன் புள்ளையக் காணாம வெறுங்கையோட நிக்காரு. அம்மா செவ்வாக்கிழம தவறாம மெழுகுதிரி ஏத்தி, அவரு புள்ளைய அவருகிட்டயே தேடித் தரச் சொல்லி அழுதுக்கிட்டிருக்கா... ஆமா, களவு போயிட்டுன்னுதான் நெனச்சோம். பொறவு என்ன நெனப்போம்?

பீடத்தத் தொடைக்குதது யாரு? தங்கத்தாய்தான?... எந்தத் தங்கத்தாயா? ஏலே, இருவது வருசம் நம்ம வீட்டுல வேல செஞ்சவ. உன்ன இடுப்புல தூக்கிக்கிட்டுக் கடற்கரையில அலைஞ்சவ. இந்த மரபெல்லாம் உனக்கு யாரு காட்டினா? கேழ்வரகு முளைக்கப் போட்டது அவ. மூங்கில் சீவுனது அவ. நீ பச மாவ நக்கிக்கிட்டு உக்காந்திருந்த.

அவ வேலையவிட்டு நின்னுட்டான்னு எழுதினேன். ஏன் நின்னான்னு எழுதல... நீ போன மறுநாளே அம்மா அவள அந்தோணியாரு முன்னால முழங்கால் போட வச்சா. நான் எடுக்கலம்மான்னா. அழக்கூட இல்ல... நானா? அவ டிரங்குப் பொட்டியத் திறந்து ஒவ்வொரு சேலையா உதறிப் பாத்ததே நான்தான்ல. மூணு சேல, ஒரு முகம் பாக்குத கண்ணாடி. அவ்வளவுதான் இருந்துச்சு. பாத்ததுக்குப் பொறவாவது அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. வெக்கமா இருக்குல எனக்கு.

மெல்லப் பேசவா? மெல்லப் பேசினா பம்பாயக் கூடத் தாண்டாது... ஆமா, ஆளு இருக்கு... இருக்கட்டும், கேக்கட்டும்.

ஹலோ... ஆமாம்மா, நீட்டி விடுங்க. இன்னும் மூணு நிமிசம். பேசி முடியல, முடியல.

ம், சொல்லு... பார்சல்ல அனுப்புதியா... நான் அத அலமாரிக்குப் பின்னால கிடந்துச்சுன்னு... ம்... இல்லன்னா?... யாரும் பாக்காத நேரமா அந்தோணியாரு கையில சொருகிட்டு, புதுமை, அற்புதம் நடந்துட்டுன்னு அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லவா. தெருவே கூடி மண்டி போடும்ல. உன் கமிட்டி நோட்டுல இதையும் எழுதிக்கோ.

சரி, எப்ப அனுப்புவ?... ஜனவரி கழிச்சா? ஏன்?... நாளைக்கு மேயரு வாராரா. பாலன் காலப் பாக்கவா.

ஏலே, நான் சொல்லுததக் கேளு. நம்ம வீட்டவிட்டுப் போனவளுக்கு ஆறு மாசம் யாரும் வேல குடுக்கல. பொறவு பர்னபாஸ் அண்ணாச்சிதான் சேத்துக்கிட்டாரு. ஆமா, இதே வீட்டுலதான். நம்ம வாசலத் தாண்டும்போது தலயக் குனிஞ்சுக்கிட்டே போவா... இப்பவா? எனக்குப் பின்னாலதான் நிக்கா. எனக்குக் காப்பி கொண்டாந்தவ, தம்ளரக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா... கேட்டுட்டா. எல்லாம் கேட்டுட்டா.

வைக்காத. வளன், போன வைக்காத... அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன், அது என் பாடு. இவகிட்ட நீ பேசணும். நான்தான் எடுத்தேன்னு ரெண்டு வார்த்த. மைக்கு முன்னால ஒன்றரை மணி நேரம் பேசினேன்னியே, இது ரெண்டு வார்த்ததான... தமிழ்ல சொல்லு.

ஏளா தங்கத்தாய், இங்கன வா. தம்ளர வச்சிட்டு வா... கைய எதுக்குத் தொடைக்க, வா. இந்தா, இதக் காதுல வையி. இல்ல, இந்தப் பக்கம். வளன்தான் பேசுதான். உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

...

பேசுதானா?... சத்தமா ஹலோன்னு சொல்லு, அவனுக்குக் கேக்கணும்...

...

என்ன?... ஏன் போனக் கீழ இறக்கிட்ட? குடு... ஹலோ... வளன்... ஏலே வளன்... ஹலோ...

கட்டாயிட்டு. தங்கத்தாய், என்ன சொன்னான்?... சொல்லு, அண்ணாச்சி இருந்தா இருக்கட்டும்... ஹாப்பி கிறிஸ்மஸ்னா?... பொறவு?... வேற ஒண்ணுமே சொல்லலையா?

ஹலோ... ஆமாம்மா, எக்சேஞ்சா?... லைன் போயிட்டும்மா... போகலையா? லண்டன்லதான் வச்சிட்டாங்களா... திரும்பப் போட்டுத் தரவான்னு கேக்கீங்களா... வேண்டாம்மா. நான் பேச வேண்டிய ஆளு இங்கன என் பக்கத்துலதான் நிக்கா. வச்சிருதேன்.