சோலையப்பனுக்கு எடுத்த பூட்ஸ்

பூட்ஸ் வாங்கும்போது முதலில் முன்பக்கம் அகலமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், ஷியாமளா மேடம். ஐந்து விரலும் விரிந்து உட்கார இடம் வேண்டும். வளர்கிற வயதில் செருப்பே போடாத காலைக் கூர்மூக்கு பூட்ஸுக்குள் திணித்தால் சுண்டுவிரல் தொலைந்தது.

சேஃப்டி ஆபீசர் நீங்கள், குளிர்கிடங்குக்கு இந்த மாடலை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். ஸ்டோர்கீப்பர் நான்தான், எடுத்ததும் நான்தான். சப்ளை செய்தவனைத் திட்டாதீர்கள், பூட்ஸில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே கம்பளி, அடி மெல்லிசு, எப்படி வேண்டுமானாலும் வளையும். வெறுங்காலோடு நடக்கிற மாதிரியே இருக்கும். பனி பெய்கிற ஊர்களில் அதைப் போட்டுக்கொண்டு சுகமாக நடக்கிறார்களாம். நடந்துகொண்டே இருந்தால் கால் சூடாக இருக்கும். நம் ஆட்கள் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எடுப்பதற்கு முன் நானே போட்டுக்கொண்டு கிடங்குக்குள் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தரையின் குளிர் உள்ளங்காலில் ஊசியாக ஏறியது. தாங்க முடியாமல் வெளியே ஓடி வந்தேன். தடித்த அடி வைத்த மாடலும் ஒன்று வந்திருந்தது. அதில் குளிரே தெரியவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சோலையப்பனும் நானும் இங்கே முவைலா லேபர் கேம்ப்பில் ஒரே ரூம். அவன் கீழ்க் கட்டில், நான் மேல் கட்டில். அவன் பரமக்குடி, நான் முதுகுளத்தூர். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சர்க்கரை வந்து அவன் பாதம் மரத்துப் போயிருந்தது, ஆணி குத்தினால்கூடத் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவன் எங்கே குனிந்து பார்க்க? டூட்டி முடிந்து வந்ததும் காலைத் தூக்கி என் மடியில் வைப்பான்.

"மாப்ள, பாருடா, ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

பல வருஷம் அது உண்மையாகத்தான் இருந்தது.

அப்புறம் குவைத் கிளையில் அவனுக்கு ஃபோர்மேன் வேலை கிடைத்தது. என்னிடம் சொல்வதற்கு முன்பே அங்கே மங்காஃபில் ரூம் பேசி முடித்துவிட்டான். "நீயும் ஒரு நாளைக்கு வந்துருடா" என்றான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு ஊரில் பெண்டாட்டி மாரியம்மாள் இருக்கிறாள், தினமும் போன் போட. எனக்கு இருந்தது அவன்தான்.

குவைத் போக மெடிக்கல் உண்டு. சர்க்கரைக்காரன் காலில் புண் இருந்தால் அனுப்ப மாட்டார்கள். ஒரு சின்னப் புண். நான் நினைத்தது அவ்வளவுதான்.

பூட்ஸை எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாளே கால் உறைகிறது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வந்தவனுக்கெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளத் தடித்த கம்பளி அட்டை கொடுத்தேன். சோலையப்பன் வரவில்லை. கேட்டவனுக்குத்தான் கொடுப்பது, அது ஸ்டோர் வழக்கம்.

முதலில் பெருவிரலின் அடிப்பக்கம் வெளுத்தது. பிறகு கொப்புளம். ஒண்ணுமில்ல மச்சான் என்றேன். மெடிக்கல் தேதி தள்ளிப் போனது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நானும் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. விரல் கறுத்தது. அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று சாக்ஸை நானே கழற்றி நானே மாட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில் கலீல் ரஹ்மான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பாய், பத்பூ ஆ ரஹா ஹை" என்றான். மீன் நாற்றம் என்றேன். மீன் கிடங்கு ஆட்கள்தானே, நம்பினார்கள். சோலையப்பன் வெட்கப்பட்டுப்போய் சோப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் குளிக்கப் போனான்.

கடைசியில் காய்ச்சலில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ரூமில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.

குவைத் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரேயடியாகப் போகிறவன் போல அவன் பெட்டி கட்டுகிறான், மேடம்.

நேற்று மிச்சமிருக்கிற காலைத் தூக்கி என் மடியில் வைத்தான். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடந்ததில் குதிகால் வெடித்து, புளியங்கொட்டை அளவுக்குக் கறுத்திருந்தது.

"மாப்ள, இது ஒண்ணாவது நல்லாருக்காடா?"

காய்ச்சல்காரனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். என்னைச் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. நான் போகிறவரைக்கும் அவன் காலை வேறு யாரிடமும் காட்ட மாட்டான். பாவம், இந்த ஊரில் அவனுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.